எலிக் கூட்டத்தில் முதலில் வாய் வைப்பது யார்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கால்வாய் எலிகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் எலிகளின் தீனிப் பழக்கத்தையும் அவற்றுக்குள் நிலவும் மேல் கீழ் என்ற படிநிலையையும் பற்றிக் கேட்டிருந்த நான்கை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, ஜார்ஜ்டவுனில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்தி வருகிறேன். கடையின் பின்சந்தில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. கறுப்பு மருந்துத் தூளைக் கருவாட்டுடன் பிசைந்து வைத்தேன். மறுநாள் காலையில் இரண்டு சின்ன எலிகள் செத்துக் கிடந்தன. அதோடு சரி, பெரிய எலிகள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. என் தாய்மாமாவோ, "எலிக் கூட்டத்துக்கு ஒரு ராஜா உண்டு. புதுத் தீனியைக் கண்டால் நோஞ்சான் எலியை முதலில் தின்னச் சொல்லி அனுப்பும். அது பிழைத்தால்தான் ராஜா வாய் வைக்கும்" என்கிறார். இது உண்மைதானா?
— வாசகர், பினாங்கு

பதில்: தங்கள் தாய்மாமா கண்ணால் கண்டதில் பிழையில்லை, கண்டதற்குச் சொன்ன காரணத்தில்தான் பிழை. எலிக் கூட்டத்தில் படிநிலை உண்டு. பழகாத தீனியில் முதலில் வாய் வைப்பது கீழ்ப்படியில் கிடக்கும் எலியாக இருப்பதும் எதிர்பார்க்கத் தக்கதே. ஆனால் அதை எவரும் அனுப்பி வைப்பதில்லை. அனுப்புவதற்குக் கட்டளை வேண்டும், கட்டளைக்கு ஒரு திட்டம் வேண்டும். எலி அப்படித் திட்டமிடுகிறது என்பதற்குச் சான்று கிடையாது. கட்டளை செய்யாத வேலையை அங்கே பசி செய்கிறது.

இது விளங்க வேண்டுமானால் எலியின் சுபாவத்திலிருந்து தொடங்க வேண்டும். நம் ஊர்க் கால்வாய்களில் ஓடும் பழுப்பு எலியானாலும், கூரையிலும் உத்திரத்திலும் ஏறும் வீட்டெலியானாலும், மனிதரை அண்டி வாழ்கிற எலிக்குப் புதியது எதுவுமே பிடிப்பதில்லை. நேற்று வரை இல்லாத ஒரு தகரப் பெட்டியை அது வழக்கமாகப் போகும் பாதையில் வைத்துவிட்டால், உள்ளே நல்ல தீனியே இருந்தாலும், நாள் கணக்கில் சுற்றி வளைத்துப் போகும். ஆய்வாளர் எஸ். ஏ. பார்னெட் 1950களில், கூண்டில் வளர்க்கப்படாத காட்டெலிகளைக் கொண்டு இந்தப் புதுமையச்சத்தை விரிவாகப் பதிவு செய்தார். இந்த அச்சத்துக்கு நியாயம் இருக்கிறது. கெட்டுப்போன சம்பாலைத் தெரியாமல் தின்றுவிட்டால் நாம் வாந்தியெடுத்துத் தப்பித்துக்கொள்கிறோம். எலியால் வாந்தியெடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான் என்றிருக்கும் ஓர் உயிர், வாயிலேயே காவல் வைக்காமல் வேறென்ன செய்யும்? எனவே புதுத் தீனியானால் அரிசி முனையளவு கொறித்துவிட்டுப் போகும். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் அடுத்த முறை சற்றுக் கூடுதலாகத் தின்னும். வயிற்றைப் பிசைந்தால் அந்தச் சுவையை மறுபடி தொடாது. கொறித்துச் சில மணி நேரம் கழித்து நோய் கண்டாலும்கூட, அதைத் தின்ற தீனியோடு சரியாக முடிச்சுப் போட்டுவிடும். 1955-இல் அமெரிக்காவில் ஜான் கார்சியாவும் உடன் பணியாற்றியோரும் சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் குடித்த எலிகளைக் காமா கதிர்வீச்சுக்கு உட்படுத்தினர். உடல்நலம் கெட்ட அந்த எலிகள் அதற்குப் பின் இனிப்பு நீரை ஒதுக்கத் தொடங்கின. நோய்க்கு உண்மைக் காரணம் கதிர்வீச்சு. பழியோ இனிப்பின்மேல் விழுந்தது.

இனிப் படிநிலைக்கு வருவோம். பார்னெட் ஆண் எலிகளை ஆல்பா, பீட்டா, ஒமேகா என மூவகையாகப் பிரித்தார். ஆல்பா விரட்டும், பீட்டா தோற்றாலும் ஒதுங்கி வாழக் கற்றுக்கொண்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளும், ஒமேகாவோ எடை குறைந்து வாடிவிடும், சில வேளைகளில் பெரிய காயமே இல்லாமல் செத்தும் போகும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பிளான்சார்ட், கரோலின் பிளான்சார்ட் தம்பதியர், வளைகளையும் அவற்றை இணைக்கும் குழாய்ப் பாதைகளையும் வெளியிலிருந்து பார்க்கும்படி அமைத்து, ஆணும் பெண்ணுமாக எலிகளைக் குடியேற்றினர். தீனியும் நீரும் திறந்த வெளிப்பகுதியில் இருந்தன. சில நாள்களுக்குள் ஓர் ஆண் அந்த வெளியைத் தன்வசமாக்கிக்கொள்ள, மற்ற ஆண்கள் வளைக்குள் முடங்கின. அவற்றின் எடை குறைந்தது, இரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் கூடியது. தீனிக்குப் பஞ்சமே இல்லாத இடத்தில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பஞ்சம் தீனியில் இல்லை, தீனி வரை போகும் வழியில் இருந்தது.

வெட்டவெளியில் வாழும் கூட்டங்களிலும் இதே கதைதான். பழுப்பு எலி இரவில் உலவும் பிராணி. பட்டப்பகலில் அது வெளியே வந்து தின்கிறது என்றால், பெரும்பாலும் இரவில் தன்னை அண்டவிடாத மூத்த எலிகளுக்கு அஞ்சியே வருகிறது. பூனைக்கும் காக்கைக்கும் தப்ப வேண்டிய நேரத்தை அது விரும்பியா தேர்ந்தெடுக்கும்?

சென்ற ஆண்டு பிரிக்பீல்ட்ஸில் ஓர் உணவகத்தின் பின்சந்தில் இதை நானே பார்த்தேன். பகல் மூன்று மணி. பாத்திரம் கழுவும் பெண்மணி தமக்கு வாங்கிய செம்படாக் பலகாரத்தில் ஒரு துண்டைக் கீழே தவறவிட்டுப் போயிருந்தார். இடது காது கிழிந்த, இளைத்த எலியொன்று கால்வாய்ப் பலகையின் இடுக்கிலிருந்து தலையை நீட்டியது. பின்னங்கால்கள் இரண்டையும் பலகை விளிம்பிலேயே ஊன்றிக்கொண்டு, உடம்பை மட்டும் ரப்பர் போல இழுத்து நீட்டி மோந்தது, சட்டென்று பின்வாங்கியது. இப்படி மூன்று முறை. நான்காம் முறை ஓரத்தில் ஒரு கடி. உடனே உள்ளே ஓட்டம். மீதித் துண்டு அங்கேயே கிடந்தது. இரவு கடை சாத்திய பிறகு வந்த தடித்த எலிகள் அந்தத் துண்டை ஏறெடுத்தும் பார்க்காமல், அன்றாடம் தின்று பழகிய சோற்றுத் தொட்டிக்கே நேராகப் போயின. தெரிந்த சோறு தடையில்லாமல் கிடைக்கிறவனுக்குத் தெரியாத பலகாரத்தைச் சோதிக்க வேண்டிய அவசியம் என்ன? சோற்றுத் தொட்டியிலிருந்து விரட்டப்பட்டவனுக்குத்தான் அந்த அவசியம். ஒரு சந்தில் ஒரு நாள் பார்த்ததை வைத்து விதி எழுத முடியாதுதான். இருந்தாலும் மேலே சொன்ன ஆய்வுகளோடு அது பொருந்திப் போகிறது.

ஒன்றை மட்டும் இங்கே சேர்க்க வேண்டும். கீழ்நிலை எலி துணிச்சல்காரன் என்று எண்ணிவிடக் கூடாது. அடிபட்டு அடிபட்டு வாழும் எலி எதற்கும் கூடுதலாகவே அஞ்சும். அச்சம் பின்னால் இழுக்க, பசி முன்னால் தள்ள, இரண்டில் எது வெல்கிறதோ அதற்கேற்ப அது தின்னும் அல்லது ஓடும். தீனி தாராளமாகக் கிடைக்கும் கூட்டத்தில் படிநிலையால் வரும் இந்த வேறுபாடு மங்கிவிடும். தீனி ஒரே இடத்தில் குவிந்து, அதை ஒருவன் காவல் காக்கும்போதுதான் அது கூர்மையாகத் தெரியும்.

இப்போது தங்கள் கடைக்கு வருகிறேன். தாங்கள் வைத்த கறுப்புத் தூள் துத்தநாக பாஸ்பைடாக இருக்க வேண்டும். அது வயிற்று அமிலத்தோடு கலந்து நச்சு வாயுவை வெளியிட்டுச் சில மணி நேரத்தில் கொல்லும். பசியோடு வந்த சின்ன எலிகள் வயிறு நிறையத் தின்று மாண்டன. பெரியவை ஒரு கொறி கொறித்து, வயிறு கலங்கி, பிழைத்து, அந்தக் கருவாட்டு வாடையையே வெறுத்திருக்கும் என்பது என் கணிப்பு. ஆக, ராஜாவைக் காப்பாற்றியது நோஞ்சானின் தியாகமன்று, தன் சொந்த அரைக் கடிதான்.

இதனால்தான் மெதுவாகக் கொல்லும் மருந்துகள் வந்தன. வீட்டுப் பெரியவர்கள் சிலர் இதய நோய்க்காக அளவோடு உட்கொள்கிறார்களே, அதே வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் முதலில் புழக்கத்துக்கு வந்தது. அதைத் தின்ற எலி சில நாள்கள் கழித்தே நோயுறுவதால், எந்தத் தீனி தன்னைக் கெடுத்தது என்று அதற்கு முடிச்சுப் போட முடிவதில்லை. ஆனால் அதற்கும் பிழைக்கும் எலிகள் தோன்றிவிட்டன. ஸ்காட்லாந்தில் 1958-லேயே அத்தகைய எலிகள் கண்டறியப்பட்டன. இன்று கடைகளில் கட்டிகளாகக் கிடைப்பவை அதற்கடுத்த தலைமுறை மருந்துகள். எதுவானாலும் சமையல் நடக்கும் இடத்தில் தாங்களே மருந்தைப் பிசைந்து வைக்காதீர்கள். உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளரிடம் விடுங்கள். அவர் வந்தால் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். மருந்து சேராத வெறும் தீனியை முதலில் சில நாள்கள் வைத்துப் பழக்கச் சொல்லுங்கள். பூட்டிய தீனிப் பெட்டிகளை ஒரே மூலையில் குவிக்காமல் சந்து நெடுகிலும் பரப்பச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் வைத்தால் ஒரு தடியன் அதைத் தனதாக்கிக்கொண்டு மற்றவற்றை விரட்டிவிடுவான். எல்லாவற்றுக்கும் முன்னதாக, இரவில் தங்கள் கடையின் சோற்றுத் தொட்டிக்கு மூடி போடுங்கள். தெரிந்த சோறு திறந்து கிடக்கும்வரை மேல்நிலை எலிகள் வேறெதையும் தேட மாட்டா.

கேள்வி: செத்துக் கிடக்கும் எலியைப் பார்த்து மற்ற எலிகள் "இந்தத் தீனி ஆகாது" என்று தெரிந்துகொள்கின்றன என்று எங்கள் ஃபிளாட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். அதனால் செத்த எலியை உடனே அப்புறப்படுத்த வேண்டுமாமே?
— வாசகி, செந்தூல்

பதில்: அப்புறப்படுத்த வேண்டியது நாற்றத்துக்காகவும் நோய்க்காகவும்; கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், எலி மூத்திரக் காய்ச்சலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றபடி, நீங்கள் கேட்ட கேள்விக்கு ஆய்வு தரும் விடை பலரை வியக்க வைக்கும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பென்னட் கேலெஃப் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். அவருடைய முறை எளியது. ஓர் எலிக்குக் கறுவாப்பட்டை கலந்த தீனியையோ கொக்கோ கலந்த தீனியையோ கொடுப்பார். பிறகு அதை, இரண்டையும் அறியாத இன்னோர் எலியோடு சிறிது நேரம் பழக விடுவார். இரண்டும் மூக்கோடு மூக்கு உரசி மோந்துகொள்ளும். அதன்பின் இரண்டாம் எலியின் முன்னே இருவகைத் தீனியையும் வைத்தால், அது தன் தோழன் தின்றுவிட்டு வந்ததையே அதிகம் தின்னும். காரணம் வெறும் வாடையன்று, மூச்சோடு கலந்த வாடை. எலியின் மூச்சில் இயல்பாகவே இருக்கும் கார்பன் டைசல்பைடு என்ற வேதிப்பொருளும் தீனியின் மணமும் சேர்ந்து வந்தால்தான் "இதை நம்மவன் தின்றிருக்கிறான்" என்ற செய்தி போய்ச் சேரும் என்று 1988-இல் கேலெஃபும் உடன் பணியாற்றியோரும் காட்டினர். மயக்க மருந்து கொடுத்த எலியின் முகத்தில் தீனித் தூளைத் தூவினாலும் செய்தி போய்ச் சேர்ந்தது. அதே தூளைப் பின்பக்கத்தில் தூவியபோது பயனில்லை.

உங்கள் ஃபிளாட்டாரின் நம்பிக்கையைப் பொய்யாக்குவது இதற்கடுத்த சோதனை. தீனியைத் தின்ற எலிக்கு லித்தியம் குளோரைடு ஊசி போட்டு நோயுறச் செய்து, வாடிக் கிடக்கும் அந்த எலியோடு மற்றதைப் பழக விட்டனர். அது அந்தத் தீனியை வெறுத்திருக்க வேண்டாமா? வெறுக்கவில்லை. நோயாளி எலியின் மூச்சில் கண்ட தீனியையும் அது விரும்பியே தின்றது. 1983-இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. "இதைத் தின்னலாம்" என்று எலி இன்னோர் எலியிடமிருந்து கற்கிறது. "இதைத் தின்னாதே" என்பதைத் தன் வயிற்றிடமிருந்துதான் கற்கிறது.

அப்படியானால் குட்டிகள் மருந்துத் தீனியைத் தொடாமலேயே தவிர்ப்பது எப்படி என்று கேட்பீர்கள். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஷ்டைனிகர் 1950-இல் இதைக் குறிப்பிட்டு எழுதினார். பெரிய எலிகள் குட்டிகளை எச்சரிக்கின்றன என்றே பலரும் அதற்குப் பொருள் கொண்டனர். கேலெஃபும் மெர்டிஸ் கிளார்க்கும் 1971-இல் வெளியிட்ட சோதனை வேறு விடை தந்தது. பெரியவை எந்தத் தீனியண்டை போய் நிற்கின்றனவோ அங்கேயே குட்டிகளும் போய் நிற்கின்றன. அதையே தின்று அது பழகிப்போன பிறகு, அறியாத மற்றத் தீனியின் மேல் இயல்பான புதுமையச்சம் வந்துவிடுகிறது. எச்சரிக்கை என்று எதுவும் அங்கே நடக்கவில்லை.

முதல் கேள்வியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். பகலில் பசியால் புதுத் தீனியைக் கொறித்த கீழ்நிலை எலி, அந்த மணத்தை மூச்சில் சுமந்துகொண்டுதான் வளைக்குத் திரும்புகிறது. அதன் மூக்கை மோந்த மற்றவைக்கு அந்தத் தீனி அதற்குப் பின் முழுப் புதிதன்று. சுவைபார்ப்பவனை ராஜா அனுப்பவில்லை. ஆனாலும் சுவைபார்த்தவனின் செய்தி கூட்டத்துக்குப் போய்ச் சேருகிறது. தங்கள் ஊர்ப் பழங்கதையில் இந்த அளவுக்கு உண்மை உண்டு என்று பினாங்கு வாசகரின் தாய்மாமாவுக்கும் சொல்லிவிடலாம்.

கேள்வி: எலிகளில் உடம்பு பெருத்ததுதான் தலைவனா?
— படிவம் 5 மாணவி, செராஸ்

பதில்: இளம் எலிகளுக்குள் நடக்கும் சண்டையில் எடைக்கு மதிப்புண்டு. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மானுவேல் பெர்டுவாவும் உடன் பணியாற்றியோரும் காட்டெலிக் கூட்டமொன்றைத் தொடர்ந்து கவனித்து 1995-இல் வெளியிட்ட முடிவின்படி, யார் மேல் யார் கீழ் என்பதை நன்கு காட்டியது எடையன்று, வயதுதான். முன்பு தன்னிடம் தோற்ற இளையவன் பின்னாளில் வளர்ந்து தன்னைவிடக் கனத்துவிட்டாலும், மூத்தவனின் இடம் பெரும்பாலும் அப்படியே நீடித்தது. பழைய தோல்வி இளையவன் மனத்தில் தங்கிவிடுகிறது போலும். நம் கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வரிசை யாருக்கு என்பது உங்களுக்கே தெரியுமே.

கேள்வி: ஐயா, என் மகன் இரண்டு வெள்ளை எலிகளை வளர்க்கிறான். ரொட்டி சானாய், பப்பாளி, பிஸ்கட், எதைக் கொடுத்தாலும் இரண்டும் உடனே தின்றுவிடுகின்றன. புதுத் தீனியைக் கண்டால் எலி அஞ்சும் என்று தாங்கள் எழுதியது இவற்றுக்குப் பொருந்தவில்லையே?
— வாசகர், கிள்ளான் சாலை, கோலாலம்பூர்

பதில்: பொருந்தாததில் வியப்பில்லை. தங்கள் மகன் வளர்ப்பதும் கால்வாய்ப் பழுப்பு எலியின் இனமே. ஆனால் நூறாண்டுக்கும் மேலாக மனிதர் கைபட்டு, கூண்டில் பிறந்து, கூண்டில் வளர்ந்த வம்சம் அது. அஞ்சியதும் கடித்ததும் கழிக்கப்பட்டு, சாதுவானவையே பெருக்கப்பட்டன. தவிர, அதன் கிண்ணத்தில் நஞ்சு வைத்தவர் எவருமில்லை. புதுமையச்சம் அதனிடம் அறவே இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் காட்டெலியோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. சோதனைச்சாலை வெள்ளை எலியிடம் கண்டதை அப்படியே சந்து எலிக்குப் பொருத்தி எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவதுண்டு. நானும் ஒரு காலத்தில் அந்தத் தவற்றைச் செய்தவன்தான்.

இரண்டும் ஒன்றையொன்று அறிந்து பழகியவை என்றால், அவற்றுக்குள் யார் மேல் என்பதைத் தங்கள் மகன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். எப்போதும் இரண்டு கிண்ணத்தில் தீனி வைப்பவன், ஒரு நாள் மாலை மட்டும், வாய் குறுகிய ஒரே கிண்ணத்தில் வழக்கமான தீனியை வைத்து, கூண்டின் எதிர் மூலையில் அவை இதுவரை தின்றிராத, அவற்றுக்குக் கெடுதல் செய்யாத ஏதாவதொன்றை, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கில் ஒரு துண்டைப் போல, வைக்கட்டும். ஒன்று கிண்ணத்தின் மேல் குனிந்து நின்று, இன்னொன்று நெருங்கும்போதெல்லாம் இடுப்பைத் திருப்பி மறித்தால், மறிக்கப்பட்டது கிழங்குப் பக்கம் போக எத்தனை நிமிடம் எடுக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். பட்டினி போட வேண்டாம். சோதனை முடிந்ததும் இரண்டாவது கிண்ணத்தை மறக்காமல் வைத்துவிடச் சொல்லுங்கள். குறித்ததை எனக்கு எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் பார்ப்போம்.